நாடி 36: அவசரப் பிரிவில் முதல் பத்து நிமிடம்

வட சென்னையில் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனவர் யாரும் 'எனக்கு இதயத்தில் கோளாறு' என்று சொல்லிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவதில்லை. 'சுகர் இறங்கிடுச்சு சிஸ்டர்', 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க', 'பிட்ஸ் மாதிரி வெட்டி இழுத்துச்சு', 'ரெண்டு நாளா வாந்தி, ஒண்ணும் சாப்பிடல' என்று வேறு ஏதாவது ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில், திருவொற்றியூரிலிருந்து 108-இல், சில சமயம் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்து. கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தும் அனுப்பியிருப்பார். அதன் விபரீதத்துக்கு அப்புறம் வருவோம்.

வாசலில் அவர் கையை முதலில் பிடித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். டியூட்டி டாக்டர் அந்த நேரத்தில் விபத்துக் கேஸ் ஒன்றில் இருப்பார். ஆகவே, இது சர்க்கரையா, வலிப்பா, இதயமா என்ற சந்தேகம் முதலில் எழ வேண்டிய இடம் அந்தக் கைதான். எதை முதலில் செய்வது, எதை அடுத்ததற்குத் தள்ளுவது என்ற வரிசையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எத்தனை என்பதைவிட எப்படி இருக்கிறார் என்பது

பெரியவர்களுக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. 60க்குக் கீழே போனால் பிராடிகார்டியா. இது பாடப் புத்தகம். வியாசர்பாடியில் தினமும் காலையில் பந்து விளையாடும் பையனுக்குப் படுத்திருக்கும்போது 48 இருக்கலாம், தூக்கத்தில் இன்னும் இறங்கலாம். அவனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதே 48 ஒரு சர்க்கரை நோயாளிப் பாட்டிக்கு, வியர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வராத நிலையில் இருந்தால் கதை வேறு.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஏறத்தாழ 5 லிட்டர். துடிப்பு 30க்கு இறங்கினால், நிரம்புவதற்கு நேரம் கிடைத்து ஒவ்வொரு முறையும் 100 மில்லி தள்ளினாலும் 3 லிட்டர்தான் தேறும். தளர்ந்துபோன இதயம் அந்த 100 மில்லியையும் தள்ளாது. அப்போது தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தம் முதலில் குறைகிறது, இன்னும் இறங்கினால் மூளைக்கும் குறைகிறது.

அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல், பெரும்பாலும் 50க்குக் கீழே போகும்போதுதான் தொந்தரவு வரும் என்று சொல்லிவிட்டு, ஐந்து அறிகுறிகளைத் தேடச் சொல்கிறது: ரத்த அழுத்தம் இறங்கியிருப்பது, திடீரென்று ஏற்பட்ட குழப்பம் அல்லது மயக்கம், அதிர்ச்சி நிலையின் குளிர்ந்த வியர்வை, இதய ரத்த ஓட்டக் குறைவால் வரும் நெஞ்சு வலி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது. இதில் ஒன்று இருந்தாலும் அவர் சிவப்பு மண்டலத்து நோயாளி. ஓபி சீட்டு போட்டுக்கொண்டு வரும்வரை உட்காரவைக்கக்கூடாது.

ஐந்தில் மிகவும் தவறவிடப்படுவது குழப்பம்தான் என்பது என் கணிப்பு. முதன்முறையாகப் பார்க்கும் ஒருவருக்கு அந்தப் பாட்டி எப்போதும் இப்படித்தானா, இன்றைக்குத்தான் இப்படியா என்று எப்படித் தெரியும்? 'ஆயா, இங்க பாருங்க, உங்க பேரன் பேரு என்ன?' என்று கேட்டுவிட்டு, கூடவே மகளின் முகத்தையும் பார்க்க வேண்டும். 'எப்பவும் வாய் மூடாது சிஸ்டர், இன்னைக்கு கேட்டா முழிக்குது' என்று மகள் சொன்னால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது ரத்த அழுத்தத்தை எழுதுவதற்குச் சமம்.

வலிப்பு என்று கொண்டுவரப்படுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயம் சில விநாடிகள் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் சட்டென்று சாய்வார். கை கால் இரண்டு மூன்று தடவை வெட்டும். முகம் வெளுத்திருக்கும், துடிப்பு திரும்பியதும் குப்பென்று சிவக்கும். ஓரிரு நிமிடத்தில் தெளிவாகப் பேசுவார். வலிப்பு வந்தவர் அவ்வளவு சீக்கிரம் தெளிவதில்லை. டப்ளின் மருத்துவர்கள் ஆடம்ஸும் ஸ்டோக்ஸும் 1827இலும் 1846இலும் இதை எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைக்கும் இப்படிப்பட்டவர்கள் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அலைவதுண்டு.

மானிட்டரை நம்பலாம், கையையும் வையுங்கள்

மெதுவான துடிப்பில் இயந்திரம் இரண்டு விதமாக ஏமாற்றும். பொட்டாசியம் ஏறிய நோயாளிக்கு ஈசிஜியில் டி அலை உயரமாக நிற்கும். மானிட்டர் அதையும் ஒரு துடிப்பாக எண்ணி, 40 இருக்கிற இடத்தில் 80 என்று பச்சையாகக் காட்டும். இன்னொரு பக்கம், ஒன்று விட்டு ஒன்று முன்கூட்டியே வரும் பலவீனமான துடிப்புகள் விரல் நுனி வரை எட்டாது. அப்போது ஆக்ஸிமீட்டர் 40 என்று காட்டும், இதயமோ 80 அடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது.

மானிட்டரில் 30 என்று கோடு ஓடுகிறது, ஆள் அசையவில்லை, கழுத்தில் நாடி இல்லை என்றால் அது மெதுவான துடிப்பே கிடையாது. இதயம் நின்றுவிட்டது. துடிப்பை ஏற்றும் மருந்தான அட்ரோபினைத் தேடிப் போகாமல் நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும்.

நாடி இருக்கிறது, ஆனால் ஆள் சரியில்லை என்றால், வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நடக்காமல் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரைப் படுக்கவைப்பது (மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் தலையைச் சற்று உயர்த்தி), மூச்சுப் பாதையைப் பார்ப்பது, ஆக்ஸிஜன் அளவு குறைந்திருந்தால் கொடுப்பது. ஆக்ஸிஜன் இறங்கியதாலேயே இதயம் மெதுவாகியிருக்கக்கூடும் என்பதால் இது முதலில் வருகிறது. அளவு நன்றாக இருப்பவருக்கு முகமூடி மாட்டுவதால் லாபம் ஒன்றும் இல்லை. ஒரு சிஸ்டர் மானிட்டரை மாட்டும்போதே இன்னொருவர் முழங்கை மடிப்பில் பெரிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு, அதிலேயே பொட்டாசியம், கிரியாட்டினின், ட்ரோப்போனினுக்கு ரத்தம் எடுத்துவிடலாம். விரலில் குத்தி சர்க்கரை பார்க்க அரை நிமிடம். வீட்டுக்காரர்கள் சொன்ன 'சுகர் இறங்கிடுச்சு' உண்மையா என்றும் அப்போது தெரிந்துவிடும். பன்னிரண்டு லீட் ஈசிஜி பத்து நிமிடத்துக்குள். ஆனால் ஈசிஜி மெஷின் வேறு வார்டில் இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை காத்திருக்கக்கூடாது.

டாக்டரைக் கூப்பிடும் விதத்திலும் நேரம் மிச்சமாகும். 'டாக்டர், கொஞ்சம் வாங்க, பேஷன்ட் சரியில்ல' என்றால் அவர் கையில் இருக்கும் தையலை முடித்துவிட்டு வருவார். 'டாக்டர், 68 வயசு அம்மா, நாடி 36, பிபி 80க்கு 50, குழப்பமா இருக்காங்க, வேர்த்துக் கொட்டுது. லைன் போட்டாச்சு, அட்ரோபின் எடுத்து வச்சிருக்கேன், பேட் ஒட்டட்டுமா?' என்றால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வருவார். (பேட் என்பது வெளியிலிருந்து மின் துடிப்பு கொடுக்கும் கருவியின் ஒட்டுப் பட்டை.)

மூடிய கேட்

இதயத்தின் மேல் அறையில் எழும் மின் தூண்டல், நடுவில் உள்ள ஏவி கணுவில் ஒரு நொடிப்பொழுது நின்று கீழ் அறைக்குப் போகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. எல்லா வண்டியும் தாமதமாகவாவது கடந்துவிட்டால் முதல் நிலை அடைப்பு. சில வண்டிகள் மட்டும் தங்கிவிட்டால் இரண்டாம் நிலை. கேட் திறக்கவே இல்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரவர் பாட்டுக்கு ஓடுகிறார்கள் என்றால் மூன்றாம் நிலை, அதாவது முழு அடைப்பு.

செவிலியருக்கு இந்த வகைப்பாடு தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது: அடைப்பு கணுவிலேயே இருக்கிறதா, அதற்குக் கீழே இருக்கிறதா? கணுவில் இருந்தால் ஈசிஜியில் கீழ் அறையின் மின் தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலை குறுகலாக இருக்கும், அட்ரோபின் பெரும்பாலும் வேலை செய்யும். கீழே இருந்தால் கியூஆர்எஸ் அகன்றிருக்கும், அட்ரோபினை நம்ப முடியாது, இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். இரண்டாம் நிலையில் மோபிட்ஸ் 2 என்கிற வகை, அகன்ற கியூஆர்எஸ்ஸுடன் முழு அடைப்பு, மூன்று விநாடிக்கு மேல் இடைவெளி, சற்று முன் ஒருமுறை இதயம் நின்று திரும்பியிருப்பது: இந்த நான்கில் எது இருந்தாலும், இப்போது ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து மின் துடிப்பு கொடுக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். இப்படிப்பட்டவரை 'பாத்ரூம் போய்ட்டு வாங்க' என்று நடக்கவிடுவது பெரிய ஆபத்து. முக்கினாலே, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, துடிப்பு இன்னும் இறங்கும். பெட் பேன் வைக்க வேண்டும், வாந்திக்கு முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்க வேண்டும். தொண்டையில் குழாய் உள்ளவருக்குச் சளி உறிஞ்சும்போது துடிப்பு சட்டென்று இறங்குவதும் இதே வேகஸ் நரம்பின் வேலைதான். உறிஞ்சுவதை நிறுத்தி ஆக்ஸிஜன் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஆம்ப்யூல் கணக்கு

அட்ரோபின் முதல் மருந்து. அமெரிக்க வழிகாட்டுதல் 2020இல் ஒரு தடவைக்கான அளவை 0.5 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராமாக உயர்த்தியது. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம், மொத்தம் 3 மில்லிகிராம் வரை. ஐரோப்பிய முறையில் ஒரு தடவைக்கு இன்னும் அரை மில்லிகிராம்தான். எந்த முறை என்பதை அந்தந்த ஆஸ்பத்திரி முடிவு செய்திருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊரில் கிடைக்கும் ஆம்ப்யூல் ஒரு மில்லியில் 0.6 மில்லிகிராம். டாக்டர் '1 மில்லிகிராம் குடுங்க' என்று சொல்லும்போது 'ஒரு ஆம்ப்யூல்' என்று காதில் விழுந்தால் நோயாளிக்குப் போவது பாதிக்குச் சற்று மேல்தான். 1 மில்லிகிராமுக்கு ஒரு முழு ஆம்ப்யூலும் அடுத்ததில் முக்கால் மில்லிக்குச் சற்றுக் குறைவாகவும் வேண்டும். ஐந்து ஆம்ப்யூல் ஆனால் 3 மில்லிகிராம், உச்சவரம்பு. எமர்ஜென்சி டிராலியின் அட்ரோபின் பெட்டியிலேயே இந்தக் கணக்கை எழுதி ஒட்டிவைத்தால் யாருக்கும் அந்த நேரத்தில் மனக்கணக்கு போட வேண்டியதில்லை. வாய்மொழி உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போதும் 'ஆம்ப்யூல்' என்ற பேச்சே வேண்டாம், 'மில்லிகிராம்' என்றே சொல்ல வேண்டும்.

அளவு மிகக் குறைந்தாலும், மெல்ல மெல்லச் செலுத்தினாலும் துடிப்பு தற்காலிகமாக இன்னும் இறங்கிவிட வாய்ப்புண்டு. அதனால் வேகமாகச் செலுத்தி, பின்னாலேயே 20 மில்லி சலைன் தள்ளி, கையைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பது நல்லது. கொடுத்த பிறகு வாய் வறளும், கண்மணி விரியும். புராஸ்டேட் உள்ள பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்து அவர் திடீரென்று புரண்டு புரண்டு படுத்தால் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மாரடைப்பு நோயாளிக்குத் துடிப்பை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டால் இதயத் தசையின் ஆக்ஸிஜன் தேவை கூடி, அடைப்பின் பாதிப்பும் கூடும். 60ஐத் தொட்டு அழுத்தமும் சீரானால் போதும், அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

பேட்டை எப்போது ஒட்டுவது

இந்தக் கேள்வியில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அட்ரோபின் தோற்ற பிறகு ஒட்டக்கூடாது, அட்ரோபினை ஏற்றும்போதே ஒட்டிவிட வேண்டும். ஒட்டியும் பயன்படுத்தாமல் போனால் ஒரு ஜோடி பேட் வீண், விலை கூடுதல்தான். ஒட்டாமல் இருந்து இதயம் நின்றால் அந்த இரண்டு நிமிடத் தேடலுக்கு விலையே கிடையாது.

ஒன்று மார்பெலும்பின் இடப்பக்கம், மற்றொன்று முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில். சென்னை வெயிலில், அதுவும் அதிர்ச்சி நிலையில் வேர்த்துக் கிடப்பவரின் தோலில் பேட் ஒட்டாது. துண்டால் அழுத்தித் துடைத்து உலர்த்த வேண்டும், அடர்ந்த முடியைக் கத்தரிக்க வேண்டும். ஏற்கெனவே பேஸ்மேக்கர் வைத்திருந்தால் தோள் எலும்புக்குக் கீழே சின்ன மேடு தெரியும், அதன் மேல் பேட் வரக்கூடாது. அதன் அட்டை பர்ஸில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரி எப்போது வைத்தது என்பதே விடையாக இருக்கலாம்.

துடிப்பை 60 முதல் 80 வரை வைத்து, மில்லி ஆம்பியரைப் படிப்படியாக ஏற்றினால் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு மின் கீற்றுக்குப் பின்னும் அகன்ற கியூஆர்எஸ்ஸும் டி அலையும் வரத் தொடங்கும். மின்சாரம் இதயத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் இதயம் உண்மையில் சுருங்குகிறதா? இதைப் பார்க்க நாடியைத் தொடையிடுக்கில் தேட வேண்டும். கழுத்தில் தேடினால் மின்சாரத்தில் துள்ளும் தசையையே நாடி என்று எண்ணிவிடுவோம். ஆக்ஸிமீட்டரின் அலை ஒவ்வொரு துடிப்புக்கும் எழுகிறதா என்றும் பார்க்கலாம். பிடித்த அளவுக்குச் சற்று மேலே வைத்து, ஈசிஜி பட்டையை அச்சடித்து, நேரம் குறித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும்.

இது வலிக்கும். நன்றாகவே வலிக்கும். நினைவோடு இருப்பவருக்கு ஒவ்வொரு விநாடியும் நெஞ்சில் குத்து விழுவதுபோல் இருக்கும். அழுத்தம் அனுமதிக்கும் அளவில் வலியையும் பதற்றத்தையும் தணிக்க ஃபென்டனிலோ மிடசோலமோ சிறிய அளவில் கேட்டு வாங்குவது செவிலியரின் பொறுப்பு. முன்னாலேயே சொல்லிவிடுவதும்தான்: 'ஆயா, நெஞ்சுல வெட்டி வெட்டி இழுக்கும், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்.' 1952இல் பாஸ்டனில் பால் சோல் என்ற மருத்துவர் முதன்முதலில் இப்படி வெளியிலிருந்து மின் துடிப்பு கொடுத்து நோயாளியைக் காப்பாற்றியபோதும் இதே வலிதான் பெரிய குறையாக இருந்தது. எனவே இதை நீண்ட நேரம் ஓட்ட முடியாது. கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியே தற்காலிகக் கம்பியைச் செருகும்வரைதான் இது.

கருவி இல்லாத இடத்தில், அல்லது கருவி வரும்வரை, துடிப்பை ஏற்றும் டோபமின் அல்லது அட்ரினலின் சிரிஞ்ச் பம்பில். டோபமின் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம். அட்ரினலின் நிமிடத்துக்கு 2 முதல் 10 மைக்ரோகிராம். அட்ரினலின் 3 மில்லிகிராமை மொத்தம் 50 மில்லியாகக் கலந்தால் கணக்கு எளிது: பம்பில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை மைக்ரோகிராம். எப்படிக் கலந்தது என்று சிரிஞ்சின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த ஷிப்ட் சிஸ்டர் வேறு விதமாகக் கலப்பவராக இருக்கலாம். மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோல் கறுத்துச் செத்துவிடும், எனவே ஊசி போட்ட இடத்தை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

மாத்திரைப் பை

இவ்வளவும் துடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் வேலை. இதயம் ஏன் மெதுவாயிற்று என்பதற்கான விடை பல நேரங்களில் உறவினர் கையில் இருக்கும் ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது. கவுண்டரில் சீட்டு போடப் போன மகனைத் திருப்பிக் கூப்பிட்டு 'வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்களோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, அட்டையோட' என்று சொல்லியனுப்புவது ஈசிஜி எடுப்பதற்கு இணையான வேலை என்பேன்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் அதே ஆள் தனியார் கிளினிக்கிலும் காட்டியிருப்பார், அங்கே வேறு பெயரில் இன்னொரு மாத்திரை. ஒன்று அடினலால், மற்றொன்று டில்டியாசெம் என்றால், இரண்டும் ஏவி கணுவை மந்தமாக்கும். இதற்கு மேல் வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாள் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் சுணங்கும். அடினலால் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து, இப்போது உடம்பிலேயே தங்கும். பொட்டாசியமும் ஏறும், எனலாப்ரிலோ ஸ்பைரனோலாக்டோனோ மாதிரியான மாத்திரை சேர்ந்தால் இன்னும் ஏறும். பொட்டாசியமும் மாத்திரையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு இதயத்தை மெதுவாக்க, ரத்த ஓட்டம் குறைந்து சிறுநீரகம் மேலும் கெடும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயங்கர அளவில் இருக்காது. பொட்டாசியம் 6ஐ ஒட்டி, மாத்திரை வழக்கமான அளவு, ஆனால் நாடி 32. மருத்துவர்கள் இந்தச் சுழலுக்கு 'பிராஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே அட்ரோபின் பல நேரம் ஏமாற்றும். கால்சியம் குளுக்கோனேட், குளுக்கோஸுடன் இன்சுலின், சால்புடமால் நெபுலைசர், தேவைக்கேற்ப சலைன், அட்ரினலின் என்று போனால்தான் சுழல் உடையும். டயாலிசிஸ் ஒரு முறை தவறவிட்டவர் மெதுவான நாடியோடு வந்தால் ரத்த முடிவுக்குக் காத்திராமலே கால்சியத்தை எடுத்துவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடலாம்.

மாத்திரைப் பையில் வராத ஒன்று கண் சொட்டு மருந்து. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு, கண்ணிலிருந்து மூக்கு வழியே ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்கும். 'மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் யாரும் கண் சொட்டைச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டும்.

நஞ்சும் பட்டியலில் உண்டு. சில வகைப் பூச்சிமருந்தில் நாடி மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை தள்ளும். அங்கே அட்ரோபினுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு கிடையாது. நுரையீரல் சத்தம் தெளியும்வரை இரட்டித்து இரட்டித்துப் போகும். அரளி விதை ஏவி கணுவை அடைத்து, பொட்டாசியத்தையும் ஏற்றும். இப்படி வந்தவரிடமும் வீட்டாரிடமும் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது. திரையை இழுத்துவிட்டு, மெதுவான குரலில், தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, இப்போது சார்பிட்ரேட். இதயத்தின் அடிப்பகுதி மாரடைப்பில் துடிப்பு இறங்குவது சகஜம், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு ஏவி கணுவுக்கு ரத்தம் தருவது அதே வலது கரோனரி ரத்தக்குழாய்தான். சிலருக்கு வலது கீழ் அறையும் சேர்ந்து பாதிக்கும். அவர்கள் உடம்பில் திரும்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் இதயம் ஓடுகிறது. சார்பிட்ரேட் அதைக் குறைத்துவிடும், பிபி தடாலென்று விழும். நாடி 50க்குக் கீழே இருந்தாலோ மேல் அழுத்தம் 90க்குக் கீழே இருந்தாலோ அது கூடாது. ஆகவே நாக்குக்கு அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கலாம், வலது மார்பிலும் லீட் வைத்து ஒரு ஈசிஜி எடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தவரானால் பரிந்துரைச் சீட்டையும் படிக்க வேண்டும். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் அளவை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். மறுபடி கொடுத்துவிடக் கூடாது.

இதயம் குற்றவாளி இல்லாதபோது

எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிச் சாலைகளில் அடிபட்டு வருபவருக்கு நாடி 45 என்றால் பிபியைப் பாருங்கள். 190 என்று ஏறியிருந்து, மூச்சும் தாறுமாறாக இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது, மூளை நசுங்கத் தொடங்கிவிட்டது. நாடியைச் சரிசெய்ய அட்ரோபின் தேடக்கூடாது. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, மூச்சுப் பாதையைக் காப்பாற்றி, சிடி ஸ்கேனுக்கும் நரம்பியல் அறுவைப் பிரிவுக்கும் தகவல் போக வேண்டும்.

குழந்தைகளில் கணக்கே தலைகீழ். அவர்களுக்கு இதயம் மெதுவாவது பெரும்பாலும் மூச்சுக் கோளாறின் கடைசிக் கட்டம். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மாதிரியான பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியருக்கும் இது விரல் நுனியில் இருக்கும்: பிறந்த குழந்தையின் துடிப்பு 100க்குக் கீழே என்றால் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடு. நன்றாக மூச்சு கொடுத்தும் 60க்குக் கீழேயே இருந்தால் நெஞ்சை அழுத்து. பெரிய பிள்ளைகளிலும் ஆக்ஸிஜனும் மூச்சும் கொடுத்த பிறகும் 60க்குக் கீழே இருந்து, உடம்பு வெளுத்துச் சில்லிட்டிருந்தால், நாடி தெரிந்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

அனுப்பிவைக்கும்போது

சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டான்லிக்கோ, பாலம் தாண்டி ஜிஎச்சுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். (ஸ்டான்லியைப் பழைய ஆட்கள் இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.) வண்டியில் ஏற்றும்போது மானிட்டரும் பேட்டும் கழற்றாமல் போக வேண்டும், பம்பில் சார்ஜ் இருக்க வேண்டும், அட்ரோபினும் அட்ரினலினும் ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றிப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ராயபுரம் பாலத்து நெரிசலில் ஆம்ப்யூல் உடைத்துக்கொண்டிருக்க முடியாது. தற்காலிகக் கம்பி செருகியிருந்தால், எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று குறித்து, வயரைத் தோலோடு ஒட்டி, பெட்டிக்கு மாற்று பேட்டரி ஒன்றைக் கூடவே அனுப்ப வேண்டும். தொடை வழியே போட்டிருந்தால் காலை மடக்கவிடக்கூடாது. போகிற இடத்துக்கு முன்னாலேயே போன் செய்து, நாடி எவ்வளவு இருந்தது, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி ஆம்பியரில் பிடித்தது என்று சொல்லிவிட்டால் அங்கே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்காது.

வீட்டாருக்கு இந்த நேரத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். பிழைப்பாங்களா, எவ்வளவு செலவாகும். முதல் கேள்விக்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கலாம் என்ற பேச்சு வந்ததும் 'நெஞ்சுல மெஷினா?' என்று மிரள்பவர்களுக்குச் சொல்ல ஒரு உண்மைக் கதை உண்டு. 1958இல் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன் என்பவர், பல தடவை கருவி மாற்றிக்கொண்டு, 86 வயது வரை வாழ்ந்து 2001இல்தான் இறந்தார். இரண்டாவது கேள்விக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருந்தால் அதையும், ரேஷன் அட்டையையும், ஆதாரையும் யாராவது ஒருவர் போய் இப்போதே எடுத்துவரட்டும். அம்மாவோடு ஆம்புலன்ஸில் போவது, மாத்திரைப் பையையும் பழைய சீட்டுகளையும் பற்றி விவரம் தெரிந்த மகளாக இருக்கட்டும்.